தை மாதக் கல்யாணமும் சாகாத சிப்பிக் குஞ்சுகளும்

செம்மண்டலம், கடலூர்.
ஆவணி, 2009.

மரியாதைக்குரிய மச்சான் பொன்னுரங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை மங்கலத்தின் கணவன் காத்தவராயன் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சிப்பிக் குஞ்சுகளும் நலம். அதுதான் பிரச்சினை.

தங்கள் மகன் அன்புக்கரசுக்கும் என் மகள் இசைவாணிக்கும் தை மாதம் நடப்பதாக இருந்த கல்யாணம் தள்ளிப்போகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கடல் தண்ணீரில் எவ்வளவு தாமிரம் கலந்தால் சிப்பிக் குஞ்சு சாகும் என்று இசைவாணி பரங்கிப்பேட்டையில் ஆராய்ச்சி செய்வது தங்களுக்குத் தெரியும். அது முடிந்தால் டாக்டர் பட்டம், பட்டம் வந்தால் தாலி என்று தாங்களே பேசி முடித்தது. நான் ரிட்டயர் ஆகிச் சும்மா இருந்ததால், தண்ணீர் பிடித்துவரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடுக்கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றாள். படகில் ஏறினேன், கரை மறைவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. படகுக்காரர், "ஐயா, பிச்சாவரம் கால்வாய்லயும் இதே உப்புதான், அலை மட்டும் கெடையாது" என்றார். நியாயமாகப் பட்டது. அங்கே இலை தழையெல்லாம் ஊறி, தண்ணீர் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது. என் நல்ல வேட்டியில் வடிகட்டிக் கொடுத்தேன். "என்னப்பா, மஞ்சளா இருக்கு" என்றாள். "கேன் பழசும்மா" என்றேன்.

தாமிரம் கலந்தார்கள். மறுநாள் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. அளவைக் கூட்டினார்கள், இன்னும் சந்தோஷமாக நீந்தின. அவளுடைய கைடு ஜான்சி மேடம் தாமிர பாட்டிலையே மாற்றிப் பார்த்தும் ஒன்றும் சாகவில்லை. இசைவாணி சோற்றில் கை வைக்காமல் அழ, தங்கள் தங்கை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். "எதுக்குடி?" என்றேன். "சிப்பிக் குஞ்சு சாவணும்னு" என்றாள். "உசுரு போவணும்னு சாமிகிட்ட கேக்கலாமாடி?" என்றேன். "அப்ப நம்ம பொண்ணு கழுத்துல தாலி ஏற வாணாமா?" என்றாள். ரெண்டுக்கும் நடுவில் மாரியம்மன்தான் பாவம், என்ன செய்வாள்.

கடைசியில் ஜான்சி மேடம் என்னையே கூப்பிட்டு, "தண்ணி எங்க புடிச்சீங்க சார்?" என்று கேட்டார். பெருமையாகவே சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், கேனை மோந்து பார்த்துச் சிரித்தார். "இலை மக்கிக் கரைஞ்ச சாறு தாமிரத்தப் புடிச்சு வெச்சுக்குது சார். தாமிரம் தண்ணியிலதான் இருக்கு, ஆனா குஞ்சுங்க ஒடம்புல ஏற மாட்டேங்குது" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாண வீட்டில் பசியோடு பந்திக்குப் போகிறவனை நீங்கள் பந்தி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவீர்களே, அவன் மண்டபத்துக்குள்தான் இருப்பான், இலைக்குப் போய்ச் சேர மாட்டான். அது மாதிரி. தவறாக நினைக்க வேண்டாம்.

மேடம் அதோடு விடவில்லை. "இனிமே இதாம்மா ஒன் ஆராய்ச்சி. ஒவ்வொரு கால்வாயிலயும் மழைக்காலம், வெயில்காலம் ரெண்டுத்துலயும் பாக்கணும்" என்று இசைவாணியிடம் சொல்லிவிட்டார். ரெண்டு வருஷம் ஆகுமாம். அழுதுகொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்கிறாள். தங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைக்கிற சத்தத்தை வைத்துத்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே மச்சான், கோவப்படாம, மாப்பிள்ளை மனசு ஒடிஞ்சு போகாம, நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். அக்காவுக்கு என் வணக்கம். பூவராகப் பெருமாள் தங்கள் வீட்டை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்குப் பயந்த
காத்தவராயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை போன் செய்தார். துபாயில் ரெண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறதாம். கல்யாணத்தை எப்படித் தள்ளிவைப்பது என்று தெரியாமல், தங்களுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "சிப்பி மேலயே பழியப் போட்டு எழுதுங்க மாமா, அப்பாகிட்ட மட்டும் என் பேச்ச எடுத்துடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே, நான் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளவும்.