பல்லிடுக்கு மெகாபிக்சல்

“என் கேமராவுல எடுத்தா, ஓடுற ரயில்ல போறவன் பல்லுல ஒட்டிக்கினு இருக்குற கறிவேப்பிலை தெரியும்டா!” என்றார் ஆதிகேசவன்.

இரும்பு ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கேமரா. கழுத்தில் மாட்டினால் ஆளே முன்பக்கம் சாய்ந்துவிடுவார்.

“இன்னா மாமா, காதுல பூ சுத்துற? மூஞ்சி தெரிஞ்சாலே அதிசயம்” என்று சிரித்தான் மச்சான் மோகன்ராஜ். “நாளைக்கு உன் கிரகப்பிரவேசத்துக்கு வரமுடியாது. மீஞ்சூர்ல டூட்டி.”

“நாளைக்குக் குடும்ப போட்டோ ஒழுங்கா வரலன்னா, இத்த வித்துட்டு கிரைண்டர் வாங்கிடுவேன்” என்றாள் மனைவி குணசுந்தரி.

கவரைப்பேட்டையில் புது வீடு தண்டவாளத்தை ஒட்டியே இருந்தது. மறுநாள் மொட்டை மாடியில் சொந்தமெல்லாம் வரிசை கட்டியது. முதல் படம் எடுக்கையில் சரக்கு ரயில் போனது. மாடி அதிர்ந்தது. படத்தில் ஆளுக்கு நாலு மூக்கு.

ஸ்டாண்டு போட்டார். அதுவும் ஆடியது. அதில் அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். மூட்டை ஊஞ்சலாடியது.

“என் விரல்தான் ஆட்டுது” என்று டைமர் வைத்தார். “எல்லாரும் மூச்சு விடாதீங்க!”

பெரியப்பா நீலமாகிவிட்டார்.

“சாம்பார் ஆறுதுய்யா!” என்று கத்தினாள் குணசுந்தரி.

முன்னும் பின்னும் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்கி, ஷட்டர் வேகத்தை ஏற்றி, ஓடிவந்து வரிசையில் நின்றார். பின்னால் சூலூர்ப்பேட்டையிலிருந்து வந்த ரயில் தடதடக்க, மொத்தக் குடும்பமும் திரும்பிப் பார்க்க, க்ளிக்!

அத்தனையும் பின்னந்தலைகள். பெரியப்பாவின் வழுக்கையில் உட்கார்ந்திருந்த ஈயின் மீசைகூடத் தெளிவு.

சாயங்காலம் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கிரைண்டர் என்பதையே குணசுந்தரி முடிவு செய்துவிட்டாள். அப்போது மோகன்ராஜின் மனைவி சுமலதா எழுந்தாள்.

“ரயில் வாசல்ல நிக்கிறது யாருண்ணா? கொஞ்சம் பெருசு பண்ணுங்க.”

பெருசாக்கினார். வாயைப் பிளந்து கொட்டாவி விட்டபடி, மீஞ்சூரில் டூட்டியில் இருக்க வேண்டிய மோகன்ராஜ்!

யூனிபாரத்தோடு அப்போதுதான் உள்ளே வந்த மோகன்ராஜ் பதறினான். “அது எவனோ! மாமா கேமராவுல மூஞ்சியே தெரியாதே!”

ஆதிகேசவன் விடவில்லை. இன்னும் பெருசாக்கினார். திரை முழுக்க ஒரே பல். இடுக்கில் பச்சையாக ஏதோ.

“கறிவேப்பிலை! சொன்னேனா இல்லியா?” என்று குதித்தார்.

“அண்ணி, கேமராவ விக்காதீங்க” என்றாள் சுமலதா, புருஷனை முறைத்தபடி. “இனிமே அது எனக்கு வேணும்.”

மோகன்ராஜின் நாக்கு தானாகவே பல்லைத் துழாவியது.

“இங்க வெறும் சாம்பார்னுதான் சூலூர்ப்பேட்டைக்கு பிரியாணி துன்னப் போனேன் மாமா, நெசந்தான். ஆனா அது கறிவேப்பிலை இல்ல... புதினா.”