ஹெஸ்டர் அத்தையின் இறுதி ஊர்வலமும் இரண்டு சுற்றுலாப் பஸ்களும்

யார்க்,
புதன்கிழமை, மாலை 6.10

அன்புத் தம்பி டக்ளஸுக்கு,

அண்ணன் வில்ஃப்ரெட் எழுதுவது. நானும் பெரிலும் உடம்பளவில் சுகம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த முழங்காலோடு நீ இன்று எக்ஸிட்டரில் பூசணிக்காய்ப் போட்டிக்கு நடுவராக நாள் முழுவதும் நின்றாய் என்று உன் மனைவி சற்றுமுன் தொலைபேசியில் பெரிலிடம் பெருமையாகச் சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நம் அப்பாவுக்கு இருந்த ஒரே தங்கை ஹெஸ்டர் அத்தை, தொண்ணூற்றொரு வயதில் கண்மூடுவதற்கு முன் இரண்டே விஷயம்தான் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் வந்து என்னை வழியனுப்பணும். நேரத்துக்கு வரணும்." முதலாவதைக் கெடுத்தது நீ. இரண்டாவதைக் கெடுத்தது யார் என்று இப்போது சொல்கிறேன்.

பூத்தம் சாலையில் அத்தையின் வீட்டிலிருந்து வெள்ளை லில்லிப் பூ வைத்த கறுப்பு அமரர் ஊர்தி மிகச் சரியாக ஒன்றரை மணிக்குக் கிளம்பியது. பின்னால் என் காரில் நானும் பெரிலும். வேறு யாரும் இல்லை. அத்தை தன் சிநேகிதிகள் எல்லோரையும் தானே வழியனுப்பி முடித்தவர் அல்லவா. தகனக் கூடத்தில் எங்களுக்குக் கொடுத்த நேரம் இரண்டு இருபது. முப்பத்தெட்டு வருடம் நில அளவையராக இருந்தவன் நான். தூரத்தை அளந்து, சிக்னல்களை எண்ணி, இருபத்தைந்து நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்று குதிரைப் பந்தய நாள் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. குதிரைகள் ஊருக்கு வெளியே ஓடுகின்றன, அதைப் பார்க்கப் போகிற ஜனமெல்லாம் ஊருக்கு நடுவே நிற்கிறது. நம் ஊர்த் தெருக்களை அந்தக் காலத்தில் போட்டவர்கள் ஒரு கழுதையையும் ஒரு குடத்தையும் மனதில் வைத்துப் போட்டார்கள்; அதில் ஐம்பத்து மூன்று பேர் உட்காரும் சுற்றுலாப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அத்தைக்குச் சுற்றுலாப் பஸ் என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். ஜன்னல் கண்ணாடி அதிரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து குடையை ஆட்டித் திட்டுவார். இன்று அவரால் ஆட்ட முடியவில்லை.

லெண்டல் பாலத்தில் ஒரு பஸ் அந்தப் பக்கமிருந்தும் இன்னொன்று இந்தப் பக்கமிருந்தும் வந்து மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றன. அமரர் ஊர்தி இரண்டுக்கும் நடுவில் எங்கோ மறைந்துபோனது. எனக்குப் பின்னால் நாலு டவுன் பஸ். நாற்பது நிமிடத்தில் நான் முன்னேறியது, என் கண்ணளவில், பதினோரு அடி. "ஏங்க, ஹாரன் அடிங்களேன்" என்றாள் பெரில். "சாவு ஊர்வலத்துல ஹாரன் அடிப்பாங்களா?" என்றேன். "எல்லாரும் நம்மள சாவு ஊர்வலம்னா நினைக்கிறாங்க? பார்க்கிங் தேடுறோம்னு நினைக்கிறாங்க" என்றாள். அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு, ஊதா நிறத்தில் குடை அகலத்துக்குத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், ஹாலிஃபாக்ஸிலிருந்து வருகிற மிஸஸ் ஆக்ராய்ட்.

"டாக்ஸிதானே இது? எங்க பாத்ரூம் இருக்கோ அங்க விட்டுருப்பா."

"அம்மா, நாங்க சாவுச் சடங்குக்குப் போறோம்."

"அங்க பாத்ரூம் இருக்குமில்ல?"

இருக்கும் என்றாள் பெரில்.

"அப்ப அங்கயே போவோம். எங்களுக்கு வழக்கமா வர்ற டிரைவர் இன்னிக்கு ஏதோ சாவுக்குப் போயிட்டாராம். அந்தக் கம்பெனியில அனுபவஸ்தங்க பூரா அங்கதான் போயிருக்காங்களாம். இவன் புதுசு. ஒரு மணி நேரமா மேப்பைத் தலைகீழா புடிச்சிட்டு உக்காந்திருக்கான்."

ஒருவழியாகப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சின்னக் கார்களை மட்டும் நடைபாதை மேல் ஏற்றி விட்டார். ரயில் நிலையம் தாண்டியதும், சிவப்பு விளக்கில் வெள்ளை லில்லிப் பூவோடு கறுப்பு வண்டி நிற்பதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அதை அடியொற்றிப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, மிஸஸ் ஆக்ராய்டுக்கோ அவசரம். எல்லாம் முடிந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது பாதிரியார் பாதிப் பிரசங்கத்தில் இருந்தார். டக்ளஸ், கூடம் நிறைந்திருந்தது. எண்பது பேருக்குக் குறையாது. எல்லோரும் ஆண்கள், ஒரே மாதிரி கருநீலக் கோட்டு. அத்தை முப்பது வருடம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. அவர் கையால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து திரண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். "ஆயிரமாயிரம் பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்" என்று பாதிரியார் சொன்னபோது பெரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி மட்டும் ஆறடி இரண்டங்குலம் இருந்தது. அத்தை ஐந்தடிகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். "தாராளமா செஞ்சிருக்காங்க" என்றாள் பெரில்.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் தேம்பிக்கொண்டே சொன்னார்: "என்ன மாதிரி கை சார் அது! எவ்வளவு குறுகலான வழியா இருந்தாலும் பதறாம, ஒரு கீறல் இல்லாம வெளிய கொண்டுவந்துருவாங்க. பின்பக்கமா வந்தாக்கூட!"

"தலை திரும்பாத கேஸ்கூடவா?" என்று கேட்டேன்.

"திரும்பாதுன்னு நாங்க எல்லாம் கைவிட்டதை எல்லாம் திருப்பிக் காட்டினவங்க சார்."

நான் அழுதேன், டக்ளஸ். அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தவன் நான். இத்தனை பேர் நெஞ்சில் இருந்தவரை நாம் இரண்டு பேரும் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசச் சொல்லிக் கேட்டோமா? மிஸஸ் ஆக்ராய்ட் எங்களைவிட அதிகமாக அழுதார்; தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் திரை மூடியபோது அந்த எண்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நீ இல்லை. இனிமேல் நீ வந்து நிற்பதற்கு ஒரு இடமும் இல்லை, ஒரு நேரமும் இல்லை. இதை நீ ஆயுசுக்கும் மனதில் சுமக்கவேண்டியதுதான்.

மற்றபடி உனக்கும், உன் மனைவிக்கும், பரிசு வாங்கிய பூசணிக்கும் எங்கள் அன்பு. கடவுள் உங்களுக்கு நல்ல உடம்பையும் காலியான சாலைகளையும் கொடுக்கட்டும்.

உன் அண்ணன்,
வில்ஃப்ரெட் தாக்ரே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்த திரு. ஸ்டாதர்ட் தொலைபேசியில் வந்தார். "எங்க சார் போயிட்டீங்க? சாயங்காலம் பூரா ட்ரை பண்றேன், லைன் கிடைக்கவே இல்ல." அத்தையின் வண்டி நாலரை மணிவரை லெண்டல் பாலத்தில் அந்த இரண்டு பஸ்களுக்கு நடுவிலேயே நின்றதாம். தகனக் கூடத்து நேரம் போய்விட்டதால் அத்தையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் பின்தொடர்ந்து போனது வேறு யாருடைய வண்டியோ. விசாரித்துச் சொன்னார்: உள்ளே இருந்தவர் ரெஜினால்ட் கிளஃப் என்பவர், நாற்பத்திரண்டு வருடம் சுற்றுலாப் பஸ் ஓட்டியவர். அத்தைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குப் புது நேரம் கொடுத்திருக்கிறார்கள். நானும் பெரிலும் இருந்த கண்ணீரையெல்லாம் இன்றே செலவழித்துவிட்டோம். அழுவதற்கு ஆள் வேண்டும், ஆகவே நீ கட்டாயம் வா. ரயிலில் வா. இன்று நாங்கள் யாருக்காக அழுதோம் என்பதை மட்டும் அத்தையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிவிடாதே.