தெருவுக்கு ஷிப்ட் போட்டவர்

படப்பை பஜார் தெருவில் இதுவரை நடமாடிய மனிதர்களிலேயே கடிகாரத்தை நம்பாத ஒரே ஆள் சி ஷிப்ட் அண்ணன்தான். நாமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து மணி தெரிந்துகொள்வோம். அவர் பார்த்துவிட்டு, "யாருக்கு ஏழு மணி?" என்று கேட்பார்.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வருடக்கணக்காக ராத்திரி வேலை பார்த்தவர். அங்கே அதற்கு சி ஷிப்ட் என்று பெயர். ஒருநாள் அவர் இருந்த உற்பத்தி லைனை மூடி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைதான் போயிற்று, ஷிப்ட் போகவில்லை. காலையில் நான் என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கும்போது, "சரி தம்பி, நான் போய்ப் படுக்கறேன்" என்று கொட்டாவி விடுவார். சாயங்காலம் டூத் பிரஷ்ஷோடு தெருவுக்கு வருவார். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். இருவருக்குள்ளும் சண்டையே வந்ததில்லை என்பார்கள். வருவதற்கு நேரம் ஏது?

அப்போது எங்கள் தெரு படுத்துவிட்டிருந்தது. மெயின் ரோட்டை அகலப்படுத்தியதும் ஏசி போட்ட பெரிய கடைகள் அங்கே வந்துவிட்டன. ஜனங்கள் தெருவுக்குள் திரும்புவதையே மறந்தார்கள். பாத்திரக் கடையில் ஈ ஓட்டினார்கள். என் கடைக்கு ஈயும் வரவில்லை. எல்லோரையும்விட மோசம் செல்வி அக்காவின் நிலைமை. புருஷன் இல்லாமல், அந்த டிபன் கடையை வைத்தே மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். கடையை ஒரு குடோன்காரர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டு தங்கச்சி வூட்டோட போயிட வேண்டியதுதான். வேற இன்னா பண்றது?" என்றார் அக்கா, விற்காத இட்லிகளைப் பார்த்தபடி.

தெருவை எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டும் என்று வியாபாரிகள் கூடினோம். சங்கத் தலைவரான பாத்திரக் கடைக்காரர், தெருமுனையில் ஒரு வளைவு கட்டி சீரியல் லைட் போட்டால் கூட்டம் கொட்டும் என்றார். இன்னொருவர் நடுவில் நீரூற்று வேண்டும் என்றார். தண்ணீர் லாரியே நுழைய முடியாத தெரு அது. அப்போது பின்னாலிருந்து, அப்போதுதான் தூங்கி எழுந்த முகத்தோடு சி ஷிப்ட் எழுந்து நின்றார். அவருக்குக் கடையே கிடையாது. ஆனாலும் வந்திருந்தார்.

"தலைவரே, ஊர்ல கூட்டம் எங்க கீது? கம்பெனில கீது. காலைல பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்குது. அப்ப உன் கட இன்னா பண்ணுது? தூங்கினு கீது!"

"காலங்காத்தால எவன்யா குண்டான் வாங்குவான்?"

"நைட் ஷிப்ட் முடிச்சவனுக்கு அது சாயங்காலம் தலைவரே! வயிறு ரொம்ப துன்னுட்டுத் தூங்கணும்னு வர்றான். நம்ம தெரு இட்லியக் குடுத்து எழுப்பி வுடுது. தெருவுக்கு ஷிப்ட் போடு!"

கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அந்த இட்லி விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு தென்காசிக்காரரைப் பிடித்து, இப்போது என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"புரோட்டாவும் சால்னாவும்ணே. இந்நேரத்துக்கு எவன் போடுதான்? பிஸ்கட்டத் தின்னுட்டுப் படுக்க வேண்டியதுதான்."

செல்வி அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துடலாம்" என்றார். சி ஷிப்ட் உடனே கடை வாசலில் பலகை எழுதி மாட்டினார்: 'இரவு உணவு, காலை 6 முதல் 9 வரை'. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அது எழுத்துப் பிழை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து அவர் சலூன்காரரிடம் போய், விடியற்காலையில் கடை திறக்கச் சொன்னார்.

சலூன்காரர் நிதானமாகக் கேட்டார். "அவனுக்கு அது சாயங்காலம்னு நீதான சொல்ற? வெளக்கு வச்சப்புறம் முடி வெட்டக் கூடாதேண்ணே?"

சி ஷிப்ட் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை தொடக்கம். மறைமலை நகரிலிருந்து வந்த மாஸ்டர் விடியும் முன்பே புரோட்டா அடிக்க ஆரம்பித்துவிட்டார். சால்னா வாசனை தெருவையே எழுப்பியது. ஆள்தான் வரவில்லை. புரோட்டா மலைபோல் ஏறி, ஆறி, விறைத்தது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னாபா விசேஷம்? நேத்து நைட்டு ஞாயித்துக்கெழம, கம்பெனியே லீவு. எவன் வருவான்?"

எல்லோரும் சி ஷிப்டைத் திரும்பிப் பார்த்தோம். இத்தனை வருடம் ராத்திரி வேலை பார்த்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும்?

"நான் ஒரு ஞாயித்துக்கெழமயும் லீவு போட்டதில்லபா. ஓவர்டைம் பாத்தேன்" என்றார் மெதுவாக. "கம்பெனி லீவுன்னு ஒண்ணு கீறதே மறந்துபோச்சி."

அன்று தெரு முழுக்க எங்களுக்கு ஆறின புரோட்டாதான். தலைவர்கூட உட்கார்ந்து மென்றார். "போவுது வுடுண்ணே. நாளைக்குக் குடோன்காரன் வர்றான், சரின்னு சொல்லிடறேன்" என்றார் அக்கா. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில், பிசைந்த மாவு வீணாகுமே என்று அக்கா அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் சி ஷிப்ட் கையில் சால்னா வாளியோடு நின்று, "டின்னர்! டின்னர்!" என்று கூவிக்கொண்டிருந்தார். முதல் பஸ் நின்றது.

"எலே, காலங்காத்தால டின்னராம்ல! கிறுக்கு புடிச்சிருக்கா இவருக்கு?" என்றான் ஒருவன். அதற்குள் வாளி வாசனை அவன் மூக்குக்குப் போய்விட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்! வாளி முன்னால் நடக்க, பஸ்ஸே பின்னால் நடந்தது. அடுத்த பஸ்ஸும் வந்தது. குடோன்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தபோது கடைக்குள் கால் வைக்க இடமில்லை.

"கட விக்கறதில்லண்ணே. சாப்புடறதுன்னா லைன்ல நில்லு" என்றார் அக்கா, கல்லிலிருந்து திரும்பாமலே. குடோன்காரர் நின்றார். நன்றாகவே சாப்பிட்டார்.

சி ஷிப்ட் அண்ணன் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். கூட்டம் வடிந்ததும் அக்கா அவரை உட்கார வைத்து, தன் கையாலேயே பரிமாறினார். "நாளைக்கும் வந்துடுண்ணே. நீ இல்லாம முடியாது" என்றார்.

வேலை போன பிறகு அவரிடம் யாரும் நாளைக்கு வரச் சொல்லியிருக்க மாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "வர்றேம்மா, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஆளை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.