வராதவர் ஒப்புக்கொண்டார்

“உங்கள் கருத்து என்ன?” என்று கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் முடிவெடுப்பதற்கு முன்னால் கேட்பவர்கள். அவர்களைப் பற்றி எழுத எதுவுமில்லை, பார்த்தவர்களும் அதிகமில்லை. இரண்டாம் வகையினர் முடிவெடுத்து, தட்டச்சு செய்து, பிழை திருத்தி, உறையில் போட்டு, உறையின் வாயை ஒட்டிவிட்டு, அதற்கு அப்புறம் கேட்பவர்கள். இவர்களைக் கலந்தாலோசகர்கள் என்று அழைப்போம்.

தயவுசெய்து இவரைச் சர்வாதிகாரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்வாதிகாரி உங்களைக் கேட்கவே மாட்டார். உங்கள் சாயங்காலமாவது உங்களுக்கு மிஞ்சும். கலந்தாலோசகர் கேட்பார். உட்கார வைத்துக் கேட்பார், தேநீர் கொடுத்துக் கேட்பார், நீங்கள் பேசும்போது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார், குறிப்பேட்டில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே கேட்பார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். போளூரில் இறங்கி வாங்க வேண்டிய மாத்திரைகளின் பட்டியல் அது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஜவ்வாது மலைக்கு வர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மலை வளாகம் அங்கே இருக்கிறது. வளாக ஆலோசனைக் குழுவின் தலைவர் பேராசிரியர் அருணகிரி. ஒன்பது உறுப்பினர்கள். பதினோரு வருடங்கள். எழுபத்திரண்டு தீர்மானங்கள். எழுபத்திரண்டும் ஏகமனது. ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சட்னியில் ஒத்துப்போக முடியாத காலத்தில் இது சின்னச் சாதனையா?

அருணகிரி தம்மை ஜனநாயகவாதி என்று மனதார நம்பினார். “இது உங்க முடிவு, நான் வெறும் கருவி” என்று அவர் சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுக்கும். நடைபாதையில் ஒரு கருத்துப் பெட்டி வைத்திருந்தார். அதன் சாவி மூன்று வருடமாகக் காணவில்லை என்பது வேறு விஷயம். மாணவர்களுக்குக் கருத்துப் படிவம் கொடுத்தார். அதில் ‘ஏற்கிறேன்’, ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்று இரண்டு கட்டங்கள். விருப்பம் போலத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்தில் வந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் கோப்பில் போட்டார். அப்படி ஐந்து தொகுதிகள் சேர்ந்துவிட்டன. அலுவலக ஜன்னல் கதவு மலைக்காற்றில் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவைதான்.

வீட்டிலும் அவர் இப்படியே. சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று மனைவி சாந்தம்மாளிடம் ஒருநாள் கலந்து பேசினார். பெயிண்டர் அப்போது முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பக்கவாட்டுச் சுவருக்குச் சாரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். சாந்தம்மாள் சாரத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பச்சை நன்றாக இருக்கும் என்றார். ஏகமனது.

ஆனால் அவருடைய மேதைமை முழுதும் இறங்கியிருந்தது குழுவின் ஏழாம் விதியில். அவரே எழுதியது: ‘அறிவிப்பு கிடைத்தும் கூட்டத்துக்கு வராத உறுப்பினர், கூட்டத்தின் முடிவை ஒப்புக்கொண்டவராகக் கருதப்படுவார்.’ அதோடு நிறுத்தவில்லை. சமத்துவத்தில் ஊறியவர் ஆயிற்றே, ‘இது தலைவருக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரியையும் சேர்த்தார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கே அவர் மேல் ஒரு மரியாதை வரும்.

கூட்டம் எப்போதும் புதன்கிழமை நாலரை மணிக்கு. வகுப்புகள் பாதிக்கக் கூடாதல்லவா? மாணவர் பிரதிநிதி செல்லி, தாவரவியல் இரண்டாம் ஆண்டு. அவள் ஊரான செங்கானூருக்குப் போகிற கடைசிப் பேருந்து வளாக வாசலில் நாலு பத்துக்குப் புறப்படும். அதை விட்டால் மறுநாள் காலைதான். ஆகவே உறுப்பினராகி ஒன்றரை வருடத்தில் செல்லி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. ஆகவே ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தாள். நூலகத்தைச் சனிக்கிழமை மூடுவதை ஒப்புக்கொண்டாள். குடிநீர்த் தொட்டியை ஆசிரியர் குடியிருப்புப் பக்கம் மாற்றியதை ஒப்புக்கொண்டாள். எதிர்த்தவர்களின் கதியும் மேலானதல்ல. மூத்த உறுப்பினர் கலைவாணி, அதே தாவரவியல் துறைப் பேராசிரியர், ஒருமுறை பதினைந்து நிமிடம் எதிர்த்துப் பேசினார். ‘பேராசிரியர் கலைவாணியின் கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது’ என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. என்ன கருத்து என்று மட்டும் இல்லை.

இந்த நிலையில்தான் கீழே சமவெளியில் உள்ள தலைமை வளாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை ஏறி வந்தது. ஜூனில் தொடங்கும் கல்வியாண்டின் வகுப்பு நேரத்தை ஒவ்வொரு வளாகமும் எல்லாரையும் கலந்து தானே முடிவு செய்து, மாதக் கடைசிப் புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதுவரை காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றே முக்கால் வரை வகுப்பு. அருணகிரி கீழே போளூரிலிருந்து காரில் வருகிறவர். காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் பனி கண்ணை மறைக்கும். பத்து மணிக்குத்தான் விலகும். எனவே மாணவர் நலன் கருதி வகுப்புகள் பத்து மணிக்குத் தொடங்கி நாலே முக்காலுக்கு முடிவதே நல்லது என்று அவர் அன்று இரவே கண்டுபிடித்தார். மறுநாள் தீர்மானம் தட்டச்சாகிவிட்டது. அதற்கு மறுநாள் கருத்துக் கேட்கத் தொடங்கினார்.

செல்லி அவர் அறைக்கு வந்தாள்.

“சார், நாலே முக்காலுக்கு வுட்டா எங்களுக்கு வண்டி இல்ல சார். நாலு பத்தோட சரி. முப்பத்தோரு பொண்ணுங்க வர்றோம்.”

“இந்த மாதிரி பேசணும்னுதாம்மா உன்ன உறுப்பினரா போட்டிருக்கு. கூட்டத்துல வந்து சொல்லு.”

“கூட்டம் நாலரைக்கு சார்.”

“ஆமா.”

“வண்டி நாலு பத்துக்கு சார்.”

அருணகிரி கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். பிறகு எழுத்தில் கொடுக்கச் சொன்னார். செல்லி அங்கேயே எழுதினாள். தன் அப்பா சொன்னதையும் எழுதினாள்: வண்டி போன பிறகு காட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து வருகிற படிப்பு வேண்டாம், ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் இரு. அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். அருணகிரி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார், ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினார், ஆறாம் தொகுதியைத் தொடங்கிவைத்தார்.

பொதுமக்கள் பிரதிநிதி காசியையும் கேட்டார். காசி வளாகத்துக்கு எதிர்த்தாற்போல் சாமை விதைக்கிறவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்மானத்தைக் கேட்டுக்கொண்டு, “இன்னா சார் இது, கண்ணாலம் முட்சி அனுப்பிட்டு மாப்ளய புட்ச்சிகீதான்னு பொண்ண கேக்கற மாரி கீது” என்றார். அருணகிரி அதையும் நன்றியுடன் பதிவு செய்துகொண்டார்.

இங்கேதான் ஒரு சிறிய சங்கடம் முளைத்தது. அதே கடைசிப் புதன்கிழமை, தலைமை வளாகத்தில் எல்லா வளாகத் தலைவர்களுக்கும் நாள் முழுக்கப் பயிலரங்கம். தலைப்பு: ‘கூட்டாக முடிவெடுக்கும் பண்பாடு’. சிறப்புப் பேச்சாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? எழுபத்திரண்டு ஏகமனதுகளின் நாயகரை விட்டால் வேறு யார்?

பயிலரங்கத்துக்கும் போக வேண்டும், தீர்மானமும் அன்றே துணைவேந்தர் கையில் சேர வேண்டும். அருணகிரி அலுவலகக் கண்காணிப்பாளர் ராஜாக்கண்ணுவைக் கூப்பிட்டார். கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு முன்தள்ளி எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பச் சொன்னார். தீர்மானம் தயாராகத்தான் இருக்கிறது, கையெழுத்து மட்டும் வாங்கி, ஜீப்பில் கீழே கொண்டுவந்து தம்மிடம் கொடுத்தால் போதும் என்றார். மணி என்பது அவருக்கு ஒரு எண். காலை பதினோரு மணிக்கு மலையில் யார் யார் இருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. பதினோரு வருடமாக யோசிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு எட்டு உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்தார்கள். குழுவின் வரலாற்றில் அப்படி ஒரு கூட்டம் இல்லை. தலைவர் இல்லாததால் மூத்தவரான கலைவாணி தலைமை நாற்காலியில் அமர்ந்தார். தேநீர் வந்தது. மெதுவடை வந்தது. வழக்கம் போல வடையோடு சேர்ந்து கையெழுத்துத் தாளும் சுற்றி வந்தது. ஒரு கையில் வடை, மறு கையில் பேனா, அதுதான் மரபு. செல்லி புதியவள், மரபு தெரியாது. வடையை ஓரமாக வைத்துவிட்டுத் தாளைப் படிக்கத் தொடங்கினாள். குழுவின் தீர்மானம் ஒன்றைக் கூட்டத்திலேயே படித்த முதல் உறுப்பினர் அவள்தான்.

“சார், நான் வர்லன்னு போட்டுகீது” என்றாள் ராஜாக்கண்ணுவிடம்.

அவர் குனிந்து பார்த்தார். ‘மாணவர் பிரதிநிதி வரவில்லை. ஏழாம் விதியின்படி ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது.’

“அது எப்பவும் வர்ற வரி பாப்பா. போன கூட்டத்துது அப்படியே இருக்கும்.”

“நான் வந்துகீறேனே சார்.”

மறுக்க முடியாத வாதம். அந்த வரியைத் திருத்தியாக வேண்டும். ஒரு வரியைத் திருத்தினால் பக்கத்தை மறுபடி அச்செடுக்க வேண்டும். அப்போது காசி வடையின் கடைசித் துண்டை விழுங்கிவிட்டு, “எப்டியும் அச்சடிக்கத்தான போற, அந்த மணியையும் பழையபடி போட்டுடு சாமி” என்றார். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் முடிவெடுப்பது என்றால் இதுதானா? இவ்வளவு எளிதா? கலைவாணி செல்லியை எழுந்து பேசச் சொன்னார். செல்லி நாலு பத்து வண்டியைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்றே முக்காலுக்கு முடியும் பழைய நேரமே தொடரும்.

“கடைசி வரிய நான் சொல்றேன், எழுதிக்கங்க ராஜாக்கண்ணு” என்றார் கலைவாணி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பதினோரு வருடத்து நிதானம் இருந்தது. “தலைவர் வரவில்லை. ஏழாம் விதியின்படி அவர் ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது.”

ராஜாக்கண்ணு யார் யார் என்ன பேசினார்கள் என்பதையும் சேர்த்துப் புதிதாக அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். தலைவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இத்தனை வருடத்தில் ராஜாக்கண்ணுவிடம் ஒருவரும் கருத்துக் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பயிலரங்க மேடையில் அருணகிரி பேசி முடித்து, கைதட்டலின் சூட்டில் உட்கார்ந்திருந்தபோது உறை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்ப்பாரா? தாம் எழுதியதை யாராவது தாமே படிப்பார்களா? அப்படியே துணைவேந்தர் ரேணுகாதேவியிடம் நீட்டி, “எல்லாரையும் கலந்து எடுத்த முடிவும்மா, ஏகமனது” என்றார். துணைவேந்தர் உறையைப் பிரித்தார், படித்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியை மறுபடி படித்தார். பிறகு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

“இதைக் கொஞ்சம் கேளுங்க. மலை வளாகத்துல மாணவி பேசியிருக்கா, விவசாயி பேசியிருக்கார், பழைய நேரமே இருக்கட்டும்னு முடிவு பண்ணியிருக்காங்க. தலைவர்? தன்னோட நிழல்கூட அந்தக் கூட்டத்து மேல விழக் கூடாதுன்னு ஒதுங்கி நின்னிருக்கார். கூட்டு முடிவுன்னா இதுதாங்க.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பழைய நேரம் என்ற இரண்டு சொல் அருணகிரியின் காதில் விழுந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரும் எழுந்து நின்றாக வேண்டியிருந்தது. என்ன செய்ய முடியும்? செல்லாது என்று சொல்லலாம். ஏழாம் விதி செல்லாது என்றால் எழுபத்திரண்டும் செல்லாது. கைகூப்பினார். குனிந்து வணங்கினார். அந்தப் புகைப்படம் பல்கலைக்கழகச் செய்திமடலில் வந்திருக்கிறது. பணிவே உருவான முகம்.

இப்போதும் அவர் தினமும் விடியலில் போளூரிலிருந்து கிளம்பி, பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி மலையேறுகிறார். ஏழாம் விதியில் ஒரு சிறு திருத்தம் கொண்டுவர எல்லாரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூட்டம் புதன்கிழமை. நாலரைக்கு.

செல்லி ஜூனில் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். முப்பத்தோரு பேரும் நாலு பத்து வண்டியில் போகிறார்கள். கலாட்டா வராமல் இருக்க, ஜன்னல் ஓரத்து இடங்களை யார் யாருக்கு எப்போது கொடுக்கலாம் என்று செல்லியே முன்வந்து வண்டியில் எல்லாரிடமும் கருத்துக் கேட்கிறாளாம். மிகவும் பொறுமையாகக் கேட்கிறாளாம். முன்சீட்டு ஜன்னல் ஓரத்தில் அவள் பை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதாம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? கத்தரிக்காயை நறுக்கி எண்ணெயில் போட்டுவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று வீட்டில் கேட்டவர் யார்? ஊட்டிக்கு டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு, லீவுக்கு எங்கே போகலாம் என்று பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தவர் யார்? நான் அப்படி இல்லை என்கிறீர்களா? நல்லது. மறுப்பு இருந்தால் தாராளமாகத் தெரிவிக்கலாம். வருகிற புதன்கிழமை, நாலரை மணிக்கு, ஜவ்வாது மலையில். வராதவர்கள் ஒப்புக்கொண்டவர்களாகக் கருதப்படுவார்கள்.