ஜீப்புக்குத் தோல் வைத்த கதை

மாப்பிள்ளையை யாரும் திட்டக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கெடுப்பது வேறொன்றுமில்லை. நான் கெட்டது அதனால்தான். (திட்டியிருந்தால் மட்டும் திருந்தியிருப்பீர்களா என்கிறாள் என் மனைவி. அது வேறு விஷயம்.)

கல்யாணமான புதிது. ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. மாமனாருக்குக் குடியாத்தத்தில் தறிகள். லுங்கிக் கட்டுகளை ஏற்றிப் போக, யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஆனால் இஞ்சின் பலத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீள இரும்புத் தண்டு, அதாவது முன் சாஃப்டு, கடகடவென்று ஆடியது. போதாததற்குப் பாலாற்று மணலில் வண்டியின் வயிறு வேறு தட்டியது.

மச்சினி சரோஜாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் வீட்டாரை நாங்களே போய் அழைத்துவந்து, ராகு காலத்துக்கு முன் தட்டு மாற்றிவிட வேண்டும்.

“பாலத்த சுத்தினா நேரமாய்டும். வாடகை வண்டி எதுனா சொல்லிடட்டுமா மாப்ள?” என்றார் மாமனார்.

“எதுக்கு மாமா? ஜீப்ப நான் ரெடி பண்றேன்.”

அதுவரை நான் ஸ்பேனரைத் தொட்டதெல்லாம் யாருக்காவது எடுத்துக் கொடுப்பதற்குத்தான். இருந்தும், ஏதோ லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பாரம் தாங்குகிற, வில் போல வளைந்த கமான் பட்டைகளை ஜீப்பின் பட்டைகளோடு சேர்த்துக் கட்டி வண்டியை உயர்த்தினேன். கொஞ்சநஞ்ச உயரமா? அடியில் ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் படுத்து அசை போடலாம். வண்டி உயர்ந்ததில் முன் சாஃப்டு சறுக்குமரம் போலச் சரிந்து நின்றது. அது கோளாறு என்று எனக்கு உறைக்கவில்லை. கம்பீரமாகத்தான் தெரிந்தது.

அடுத்து சாஃப்டைப் பிரித்தேன். அதன் முனையிலுள்ள மூட்டுக்குள் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள் இருக்கும். பாதி தேய்ந்திருந்தன. மீதியைப் பிரிக்கும்போதே மண்ணில் கொட்டிவிட்டேன். புதிது மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஆம்பூர்க்காரன் அதற்கெல்லாம் காத்திருப்பானா? எங்கள் ஊரில் கதவு கிரீச்சிட்டாலும் தோல், பம்பு ஒழுகினாலும் தோல். மண்டியிலிருந்து கெட்டித் தோலைக் கொண்டுவந்து, வளையமாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, உருளைகள் இருந்த இடத்தில் திணித்தேன்.

“இது தாங்குமா மாப்ள?”

“செருப்பு எத்தினி வருஷம் தாங்குது மாமா! இது தாங்காதா?”

மாப்பிள்ளை சொன்ன பிறகு மேலே கேட்க முடியுமா? “நீங்க சொன்னா சரிதான்” என்று உள்ளே போய்விட்டார்.

வண்டியை நான் ஓட்ட, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போகும்போது வண்டி ஒழுங்காகவே போயிற்று. அக்கரையில் பையனின் அம்மா ஜீப்பை அண்ணாந்து பார்த்து, “இன்னாங்க இது, ஏறவே ஏணி வேணும் போலக்குதே!” என்றார். முக்காலி போட்டு அவரை ஏற்றினோம். முக்காலியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

நடு ஆற்றில் பையனின் அப்பா மூக்கை உறிஞ்சினார். “இன்னாமோ கருகுற வாசன வருதே?”

“ஆம்பூர்க் காத்துங்க. தோல் பதம் போட்ற ஷாப்பு வாசன” என்றேன்.

வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் குதித்து ஓடியிருப்பார்கள். எங்கள் பக்கத்து மூக்குகள் அதை அப்படியே நம்பின.

சற்று நேரத்தில் காலடியில் யாரோ சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம். மூட்டு விட்டுப்போய், சாஃப்டின் ஒரு முனை கழன்று வண்டியின் அடியைத் துவைத்துவிட்டு மணலில் குத்தி நின்றது. குபுகுபுவென்று புகை. எல்லோரும் குதித்துவிட்டார்கள், அந்த அம்மாளைத் தவிர. கணவரும் மகனும் சேர்ந்து லுங்கிக் கட்டை இறக்குவது போல அவரை இறக்கினார்கள். பாதியில் பிடி நழுவி, பட்டுப் புடவையோடு மணலில் உட்கார்ந்தார். தட்டு மாற்ற அவர் கொண்டுவந்த பூக்கூடை அவர் தலையிலேயே கவிழ்ந்தது.

“யாருய்யா இந்த வண்டில கை வெச்சது?” என்று பையனின் அப்பா கத்தினார். “எங்க உசுரோட வெளாட்றீங்களா? இந்த சம்பந்தமே வேணாம். வாடா, போலாம்!”

மாமனார் முன்னால் வந்து கைகூப்பினார்.

“மன்னிச்சிடுங்க. நான்தாங்க பண்ணேன். மாப்ள வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கல.”

திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாத மனிதர். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதோடு விட்டேனா? ‘நான் சொன்னால் எங்கே கேட்கிறார்’ என்பது போலத் தலையை வேறு ஆட்டினேன். தோல் வைத்ததைக்கூட மறந்துவிடலாம். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வயசான மனிதர் கைகூப்பி நின்றதைப் பார்த்து அவர்கள் கோபம் தணிந்தது. மணலில் நடந்து, கரையில் கட்டைவண்டி பிடித்து வந்து சேர்ந்தோம். ராகு காலம் கழிந்து சாயங்காலம் தட்டு மாற்றினார்கள். எல்லோரும் போன பிறகு மாமனாரிடம் போய் நின்றேன்.

“மாமா, நான்...”

“சாப்டீங்களா மாப்ள?” என்றார். அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தோல் ஜீப்பு என்று பெயர் விழுந்தது. பையனின் அம்மா ஒரு விசேஷம் விடாமல் அந்தக் கதையைச் சொல்வார். மாமனாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

மாமனார் போய் வெகு காலமாயிற்று. போன மாதம் சரோஜாவின் பேத்தி கல்யாணத்தில் ஒரு பையன் அதே கதையைச் சொல்லிப் பந்தியையே சிரிக்கவைத்தான். “ஜீப்புக்குள்ள ஆட்டுத்தோல வெச்சாராம் அந்தத் தாத்தா!”

பக்கத்தில் இருந்த என் மனைவி என்னையே பார்த்தாள். நானும் வாயைத் திறந்தேன்.

“ஆட்டுத்தோல் இல்லப்பா, எருமத்தோல்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“மாமாதான் சொன்னாரு” என்றேன்.