மாமனாரின் கணினிக்கு நான் கூட்டிய வேகம்

காத்திருக்கத் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பது ஆபத்து. என் மாமனார் கொடுத்தார்.

அப்போது நான் திருப்பெரும்புதூரில் ஒரு கைப்பேசி ஆலையில் பொறியாளன். ஒவ்வொரு கைப்பேசியும் உருவாகும் நேரத்தில் ஒரு நொடியைக் கிள்ளி எடுப்பதே என் உத்தியோகம். கிள்ளிய நொடிகளை என்ன செய்தார்கள் என்று கேட்டதில்லை. (கேட்டால் அதற்கும் நேரமாகும்.)

தலைத்தீபாவளிக்குக் குன்றத்தூர் சென்றபோது, எண்பதுகளில் வாங்கிய வீட்டுக் கணினியை மாமனார் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்திருந்தார். என் மனைவி கலா சிறுமியாக இருந்தபோது அவளுக்காக அவரே எழுதிய கணக்கு விளையாட்டு, ஒலிநாடா ஒன்றில் இருந்தது. வேறெந்தக் கணினியிலும் அது ஓடாது. சரியான விடை சொன்னால் திரையில் 'கலா' என்ற எழுத்துகள் பூவாக உதிருமாம். அந்த எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவரே வரைந்திருந்தார். மருமகனுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

நாடா சுழன்றது, கீச்சிட்டது, சுழன்றுகொண்டே இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு மாமா. நிறுத்துங்க. உள்ள இருக்கிற கிறிஸ்டலை மாத்தினா ரெண்டு மடங்கு வேகமா ஓடும்."

"வேணாம் மாப்ள. மெதுவாத்தான் வரும், ஆனா வந்துடும். உக்காருங்க."

இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்குப் போகும் என் மைத்துனன் செல்வம் சிரித்தான். "இன்னா மச்சான், தீபாவளிக்கும் ஓ.டி.யா?"

கணினியின் நாடித்துடிப்பைத் தருவது கிறிஸ்டல் எனும் ஒரு சிறு படிகம். அதைவிட விரைந்து துடிக்கும் ஒன்றும், ஈயம் பற்றவைக்கும் கருவியும் என் பையில் இருந்தன. (அப்படித் தலைத்தீபாவளிக்குப் போன மாப்பிள்ளை தொண்டை மண்டலத்திலேயே நான் ஒருவன்தான்.) அன்றைய தினம் மாப்பிள்ளை கேட்டதை மறுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமனாரே திருப்புளியை எடுத்துக் கொடுத்தார்.

படிகத்தை மாற்றி விசையைப் போட்டேன். தொலைக்காட்சியில் படம் கிழிந்து கிழிந்து ஓடியது. திரைக்குப் படத்தைத் தாளம் தவறாமல் அனுப்புவதும் அதே படிகம்தான் என்பது எனக்குத் தெரியாது. (பொறியியலில் முதல் வகுப்பு.)

"டிவிதான் சரியில்ல மாமா" என்றேன்.

பழையதையே பொருத்திவிடலாம் என்று அவசரமாகச் சூட்டைக் கூட்டினேன். பலகையிலிருந்து செம்புத் தடம் தோலாக உரிந்து வந்தது. ஒரு சில்லு கருகி நாறியது. அதன்பின் எதுவும் துடிக்கவில்லை.

"கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள் கலா. "என் பேரு வந்திருக்கும்."

மாமனார் எழுந்தார். "பரவால்ல மாப்ள. இட்லி ஆறுது, வாங்க."

கறிக்குழம்பில் நல்ல துண்டுகளாகப் பார்த்து அவரே என் இலையில் வைத்தார். வாழ்நாளில் என்னை யாரும் அவ்வளவு கடுமையாகத் திட்டியதில்லை.

சில ஆண்டுகளில் எங்கள் ஆலையை மூடினார்கள். வேலையற்று அந்த வீட்டுக் கூடத்தில் நான் அமர்ந்திருந்த முதல் ஞாயிறன்று செல்வம் தன் அக்காளிடம் சொன்னான்:

"உன் வூட்டுக்காரரு லைன்ல வுட்ட ஸ்பீடுக்கு, இருபது வருசத்துப் போனையும் இப்பவே செஞ்சு முடிச்சுட்டாரு. அப்பறம் இன்னாத்துக்குக்கா ஃபேக்டரி?"

முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் மாமனார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு என் முன்னிலையில் அவர் சிரித்தது அன்றுதான். இன்றும் வீட்டில் விசேஷம் என்றால், பந்தி முடிந்ததும் அவரே எடுத்துக்கொடுப்பார்: "டேய் செல்வம், மாப்ள ஃபேக்டரிய மூடுன கதையச் சொல்லுடா."