கம்ப்யூட்டராக உட்கார்ந்த கழுதை

ஒரு காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. காடு என்றால் சிங்கம் இருக்க வேண்டும், பள்ளி என்றால் ஹெட்மாஸ்டர் இருக்க வேண்டும். சிங்கம் டெபுடேஷனில் வேறு காட்டுக்குப் போய்விட்டதால் இரண்டு பேருக்கான உறுமலையும் ஹெட்மாஸ்டர் கரடியே உறுமிக்கொண்டிருந்தார்.

பள்ளி வாசலில் 'தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் தொங்கியது. பொய் இல்லை. ஃபெயிலாவான் என்று தோன்றுகிறவனுக்குப் பரீட்சைக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் பாஸ்தானே. கரடி கணக்கு வாத்தியாராக இருந்து பதவி உயர்வு பெற்றவர்.

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் இருந்தது. பள்ளியில் கம்ப்யூட்டரும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. கம்ப்யூட்டர் தனி அறையில் வெல்வெட் போர்வை போர்த்தி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தது. மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். தொட்டால் வைரஸ் வரும் என்று கரடி பிரேயரில் மைக்கைத் தட்டித் தட்டிச் சொல்வார். ஆய்வுக்கு வரும் அதிகாரி கையால்தான் அதன் முதல் பட்டன் அழுத்தப்பட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஆகவே கீரி மிஸ் பாடத்தை வேப்பமரத்தடியில் நடத்தினார். மாணவர்களே கம்ப்யூட்டர், மிஸ் சொல்வதுதான் புரோகிராம்.

"கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது கண்ணுங்களா. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. ஒரு பெட்டியில நீங்க எதுவும் போடலைன்னா, அதுல சைபர் இருக்கிறதா எடுத்துக்கும்."

பிறகு லூப் சொல்லிக்கொடுத்தார். நான் நிறுத்தச் சொல்லும்வரை மரத்தைச் சுற்றுங்கள் என்றார். முயல் நாலு சுற்றில் உட்கார்ந்தது. நரி, சுற்றினால் இன்டர்னல் மார்க் உண்டா என்று கேட்டது. வகுப்பின் முதல் மாணவனான குரங்குப் பிரதீபன் இன்னும் வேகமாகச் சுற்ற ஒரு வழி இருப்பதாகச் சொல்லி மரத்தின்மேல் ஏறிவிட்டான். கழுதை வைரக்கண்ணு மட்டும் சுற்றினான். பெல் அடித்தது. மிஸ் நிறுத்தச் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கரடி வந்து பார்த்தபோது வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது, அதில் வைரக்கண்ணு முழங்கால் ஆழத்தில் போய்க்கொண்டிருந்தான்.

அரையாண்டுத் தேர்வில் அவனுக்குப் பதினொரு மார்க். 'லூப் என்றால் என்ன? விளக்குக' என்ற கேள்விக்கு எழுந்து ஹாலைச் சுற்றி நடந்து விளக்கியிருந்தான். கரடி டி.சி.யை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆய்வு முடிந்ததும் கையில் கொடுப்பதாகத் திட்டம். டி.சி. வந்தால் வைரக்கண்ணு அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.

அவன் கீரி மிஸ்ஸிடம் வந்து நின்றான். "மிஸ், மத்த கிளாஸ்ல சொன்னதை அப்படியே செஞ்சா சிரிக்கிறாங்க. இங்க மட்டும்தான் அது பாடம். நான் இங்கயே இருக்கேனே."



ஆய்வுக்கு முதல் நாள் தூசு தட்டச் சாவி கிடைத்தது. மிஸ் போர்வையைத் தூக்கினார். கம்ப்யூட்டருக்குள் ஓர் அணில் குடும்பம் குடியிருந்தது. ஒயரையெல்லாம் கடித்துத் தொட்டில் பின்னியிருந்தார்கள். மகளுக்குத் தலைப்பிரசவம், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று அணிலம்மா கேட்டுக்கொண்டாள். பிள்ளைத்தாய்ச்சியைக் கிளப்ப மிஸ்ஸுக்கு மனசு வரவில்லை. வகுப்பைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு ஒருவர் போர்வைக்குள் கம்ப்யூட்டராக உட்கார வேண்டும், சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். எல்லாரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் அதிகாரி காண்டாமிருகம் வந்து இறங்கினார். மாலை, சால்வை, இளநீர் எல்லாம் ஆனதும் அறைக்குள் நுழைந்து போர்வையை உற்றுப் பார்த்தார்.

"மேல ரெண்டு நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?"

"வைஃபை சார்," என்றான் மிஸ்ஸோடு உள்ளே நின்ற பிரதீபன்.

அதிகாரி குங்குமப் பொட்டைப் பட்டன் என்று நினைத்து அழுத்தினார். அது வைரக்கண்ணுவின் மூக்கு. கம்ப்யூட்டர் ஒரு பெரிய தும்மல் போட்டு ஸ்டார்ட் ஆனது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னதும் குளம்பால் ஐந்து தட்டு தட்டியது. அதிகாரி கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் கரடியின் தலைக்கு ஏறிவிட்டது. அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டி.சி.யைத் தாமே கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பார்கள். மெஷினே கொடுத்துவிட்டால் யார் கேட்பது? அதிகாரியின் காதில் இதைப் பெருமையாக ஓதிவிட்டு, அந்தக் கழுதை எங்கே என்று அதட்டினார்.

"உள்ளதான் சார் இருக்கான்," என்றான் பிரதீபன். அவன் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அது.

கரடி சாக்பீஸை எடுத்துப் போர்டில் எழுதி, மைக் இல்லாமலே மைக் குரலில் வாசித்தார். "அறையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பார். மார்க் முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் வெளியே தள்ளு. இல்லையென்றால் உள்ளே வை. இதைத் திரும்பத் திரும்பச் செய்."

கீரி மிஸ் போர்டை இன்னொரு தடவை படித்தார். ஒவ்வொருவரையும் என்பதை ஒவ்வொரு மாணவரையும் என்று மாற்றிவிடலாமே சார் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். எனக்கே பாடம் எடுக்கிறீர்களா டீச்சர் என்று கரடி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

போர்வைக்குள்ளிருந்து குரல் கிளம்பியது.

"பிரதீபன். எழுபத்தெட்டு. உள்ளே."

"காண்டாமிருகம். மார்க் எதுவும் போடவில்லை. ஆகவே சைபர். வெளியே."

அடுத்த நொடி அதிகாரி மாலையோடு வாசலைத் தாண்டிப் பூந்தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்கிவிட ஓடுவதற்குள் கரடிக்கும் சைபர் விழுந்தது. உதையும் விழுந்தது. கீரி மிஸ் தன் முறை வருவதற்கு முன்பே மரியாதையாக நடந்து வெளியே போய்விட்டார்.

அறையில் மிச்சம் ஒரு பெயர்தான். பிரதீபன் போர்வைக்குள் தலையை நுழைத்தான்.

"டேய், உன் பேரை விட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒவ்வொருவரையும்னு எழுதியிருக்குடா," என்றான் வைரக்கண்ணு. குளம்பால் அவன் தலையைப் போர்வைக்கு வெளியே நகர்த்தினான். அப்புறம் சொன்னான். "வைரக்கண்ணு. பதினொன்று. வெளியே."

கம்ப்யூட்டர் எழுந்து போர்வையோடு நடந்து போய் வெயிலில் நின்றது.

கரடிக்கு வாய் திறந்தபடியே இருந்தது. கம்ப்யூட்டர் ஏன் நடக்கிறது என்று கேட்டார். மடியில் வைக்கும் மாடலுக்கு அடுத்த மாடல் சார் என்றார் மிஸ்.

அதிகாரி மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். ஏ.சி. அங்கேதான் இருந்தது, அவருக்காக வைத்த முறுக்குத் தட்டும் அங்கேதான் இருந்தது. கம்ப்யூட்டர் பின்னாலேயே போய், சைபர் என்று அறிவித்து, அவரை உதைத்து வெளியேற்றி, தன்னையும் வெளியேற்றிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நின்றது. அவர் திரும்பப் போனார். அதுவும் திரும்பப் போனது. இதற்குப் பெயர்தான் லூப் என்று கீரி மிஸ் ஜன்னலோரம் நின்ற மாணவர்களுக்கு விளக்கினார். அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்தது.

"ஆஃப் பண்ணித் தொலைங்கம்மா," என்றார் அதிகாரி. இப்போது அவர் நின்றுகொண்டுதான் பேசினார், உட்கார முடியவில்லை.

"ஆஃப் பண்றது அடுத்த டெர்ம் பாடம் சார். புரோகிராமை மாத்தினாத்தான் வழி. சைபர் எடுத்தவரும் உள்ள இருக்கலாம்னு மாத்தணும்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கேயே ஆணையைச் சொல்ல ஆரம்பித்தார். பொதுநலனையும் நிர்வாக நலனையும் கருத்தில் கொண்டு, மேற்படி காட்டில் வாழும் அனைத்து உயிர்களுக்கும் தேர்ச்சி மதிப்பெண் சைபர் என நிர்ணயித்து, இது உடனடியாக நடைமுறைக்கு வருவதாக.

கரடி பதறினார். "சார், அப்போ எல்லாருமே பாஸாயிடுவாங்களே."

"பேனர்ல அதைத்தானய்யா போட்டிருக்கீங்க?"

கரடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முப்பத்தைந்தை அழித்து சைபர் என்று எழுதினார். எல்லாரும் உள்ளே நுழைந்ததும் கம்ப்யூட்டரும் பின்னால் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தது. காண்டாமிருகம், சைபர், உள்ளே. கரடி, சைபர், உள்ளே. கீரி மிஸ்ஸும் உள்ளே. அதிகாரி முறுக்கைக் கடித்தார். கரடி சட்டைப் பையிலிருந்த டி.சி.யை என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்து அதிகாரிக்கு விசிறினார்.

கடைசிப் பெயருக்கு மட்டும் கம்ப்யூட்டர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.

"வைரக்கண்ணு," என்றது. "பதினொன்று." குரல் கரகரத்தது. "உள்ளே."

"வெயில்ல நின்னு மெஷினுக்குச் சளி பிடிச்சிருச்சு போல," என்றார் அதிகாரி. "நல்ல மெஷின். யாரும் திட்டாம வெச்சுக்குங்க."

நீதி: தனியாக ஃபெயிலானால் டி.சி. கிடைக்கும், அதிகாரியோடு சேர்ந்து ஃபெயிலானால் அரசாணை கிடைக்கும்.